மூன்று தாத்தாவும் ஒரு நீதிமன்றமும்

(மாளிகாவத்தையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கந்தோர் வேலை முடித்து நேரே இங்கு வந்திருக்கும் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில், இரவிரவாக வடக்கிலிருந்து லொறியில் வந்து, பேலியகொடைச் சந்தையில் வெங்காய மூடைகளை இறக்கிவிட்டு, ஊர் திரும்பும் முன் ஒரு மணி நேரத்தை எமக்கு ஈந்திருக்கும் கமக்காரர் சிலர் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே கூரையின்கீழ் இருந்து கேட்கவேண்டிய பொருளொன்றையே இன்று எடுத்துக்கொண்டோம். பாடப்புத்தகத்துக்கும் சட்டத்துக்கும் பத்திரிகைக்கும் என்று ஒழுங்குபடுத்தி நிறுத்தப்பட்ட மொழியை நியம மொழி என்பர் அறிஞர். ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே நாவில் பல மொழிகள் வழங்குவதைப் பன்மொழி வழக்கு என்பர். இவை இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு அழிக்கின்றன என்பதே எமது பேச்சு.

முதலில், நாம் எங்கே கூடியிருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்விடத்தின் பெயர் மாளிகாவத்தை. மாளிகை நாம் அறிந்த சொல். வத்தை என்பது தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். வெள்ளவத்தையில் இருப்பதும் அந்த வத்தையே. கொட்டாஞ்சேனையின் பின்பாதியோ சேனை. காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலம். அதனைச் சிங்களவர் ‘ஹேன’ என்பர்; கமக்காரராகிய உங்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. இன்று மாளிகாவத்தையில் மாளிகையும் இல்லை, தோட்டமும் இல்லை. தொடர்மாடி வீடுகளும், மையவாடியும், நெருங்கிய ஒழுங்கைகளும் இருக்கின்றன. தமிழர், சிங்களவர், சோனகர், மலாயர் என்று நால்வகை மக்களும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறார்கள்.

இவ்வொழுங்கைகளில் வளரும் ஒரு பிள்ளையைப் பாருங்கள். தாயோடு தமிழ் பேசுகிறது. பக்கத்து வீட்டோடு சிங்களம் பேசுகிறது. ஓதற்பள்ளியில் அரபு எழுத்தைப் படிக்கிறது. மலாய்க் கிழவியின் திட்டுக்கும் அதற்குப் பொருள் தெரியும். கடைக்குப் போனால் கடைக்காரர் முகம் பார்த்தே எந்த மொழியில் கேட்பது என்று தீர்மானித்துவிடுகிறது. ஐரோப்பாவிலே இத்தகைய பிள்ளையை மேதை என்று கொண்டாடுவார்கள். இங்கே அதே பிள்ளை வளர்ந்து, பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முடியாமல், பிறரிடம் பேனையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று மொழி அறிந்தவன் மூன்று மொழியிலும் தற்குறியாக நிற்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடவே நாம் இன்று வந்தோம்.

எமது தவறு ஒன்று

நாம் பல்லாண்டு காலம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றோம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் பிறந்து, நன்னூல் சூத்திரங்களை மனனம் செய்து, தமிழில் எமக்குத் தெரியாத சொல் இல்லை என்ற இறுமாப்போடு கொழும்புக்கு வந்தோம். அந்த இறுமாப்பு ஒரு நாள் காலையில், ஒரே ஒரு சொல்லால் உடைந்தது.

வழக்கு பெரிதன்று. ஓர் இரவு இரு குடும்பங்களுக்கிடையே நேர்ந்த கைகலப்பு. எதிரியாக நின்றவர் இப்பகுதியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர். அவருடைய தாய் சாட்சிக் கூண்டில் ஏறினார். சம்பவ வேளையில் எங்கிருந்தீர்கள் என்று கேட்டார்கள். தாமும் மகனும் தாத்தா வீட்டில் இருந்ததாக அவர் சொன்னார். நாம் ஒரு கணமும் தயங்காமல் ‘சீயாவின் வீடு’ என்று சிங்களத்தில் பெயர்த்தோம். சீயா என்றால் பாட்டனார். அது அப்படியே பதிவாயிற்று. அந்தக் குடும்பத்தில் பாட்டனார் என்று எவரும் உயிரோடில்லை என்பதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நன்கறிந்திருந்தார். அவர் எழுந்தார். இறந்தவர் வீட்டில் எவ்வாறு விருந்துண்டீர்கள் என்று கேட்டார். மன்றில் சிரிப்பொலி எழுந்தது. நீதவானோ சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். ‘தாத்தா’ என்ற ஒலி அவர் காதில் தந்தையென்றே விழுந்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் தந்தை அல்லவா? சாட்சி தந்தை என்கிறாள், மொழிபெயர்ப்பாளர் பாட்டன் என்கிறார், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவர் முகமே சொல்லிற்று. அந்தத் தாய் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி விழித்து நின்றார். தாம் சொன்னதில் என்ன பிழை என்று அவருக்கு விளங்கவில்லை.

வாசலருகே நின்ற நீதிமன்றச் சேவகர் ஒருவர், மலாய் இனத்தவர், மெல்ல முன்வந்து சிங்களத்தில் சொன்னார்: இவர்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா, ஐயா.

அக்கா! மூத்த சகோதரி! சிங்களத்திலும் அக்கா அக்காதான். இரு மொழிக்கும் பொதுவான சொல்லே கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதனைக் காணாமல், புத்தகத்தில் படித்த பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினோம். எமது ஊரிலே கூடப் பாட்டனாரை அம்மப்பா என்றும் அப்பப்பா என்றுமே சிறுவயதில் அழைத்தோம். தாத்தா என்ற பொருளை எமக்குக் கற்பித்தது புத்தகம். ஆகவே அன்று ஒரு தாயைப் பொய்யராக்கப் பார்த்தது எமது அறியாமை மட்டுமன்று, எமது படிப்புமாகும். ஒரே மண்டபத்தில் மூன்று தாத்தாக்கள் இருந்தார்கள். சாட்சியின் நெஞ்சில் அக்கா, மொழிபெயர்ப்பாளர் வாயில் பாட்டன், நீதவான் காதில் தந்தை. மும்மொழியும் அறிந்த ஒரு சேவகர் அங்கே இருந்திராவிட்டால் அந்த இளைஞர் கதி என்ன?

அச்சேவகரிடம் மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் எதுவும் இல்லை. எம்மிடம் இருந்தது.

நியமம் எங்கிருந்து வந்தது?

நிற்க. நியம மொழியைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பருத்தித்துறையில் இருப்பவரும் பதுளையில் இருப்பவரும் அக்கரைப்பற்றில் இருப்பவரும் ஒரே பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரு பொதுத் தமிழ் வேண்டும். ஆனால் அந்தப் பொதுத் தமிழ் வானத்திலிருந்து விழுந்ததன்று. அது தனிமையிலே, பிறமொழி வாடை படாத அறையிலே வளர்ந்ததுமன்று.

நல்லூர் ஆறுமுக நாவலரை (1822–1879) எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் எழுதும் தமிழ் வசனத்துக்கு வழி சமைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் இளமையில் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டார். ஆங்கிலமும் வடமொழியும் அவருக்கு அந்நியமல்ல. பல மொழிகள் ஒன்றோடொன்று உரசிய மேசையிலேதான் நமது உரைநடை தீட்டப்பட்டது. 1849இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சுக்கூடம் அந்த உரைநடையை ஊரெல்லாம் கொண்டு சென்றது.

சிங்களத்தின் கதை என்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கண நூலாகிய சிதத்சங்கராவ, புத்தமித்திரர் என்ற தமிழ்ப் பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தின் சாயலைப் பெற்றது என்று அறிஞர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் தொட்டகமுவை ஸ்ரீ ராகுல தேரர் ஆறு மொழிகளில் வல்லவர் என்று போற்றப்பட்டார். அவ்வாறனுள் தமிழும் ஒன்றென்பர். இருபதாம் நூற்றாண்டிலே முனிதாச குமாரதுங்க (1887–1944) வடமொழிச் சொற்களைக் களைந்து தூய ஹெல மொழியை நிலைநாட்ட முயன்றார். 1941இல் ஹெல ஹவுல என்ற இயக்கம் தோன்றிற்று. தமிழகத்தில் மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி இருபத்தைந்தாண்டு ஆகியிருந்தது. வெவ்வேறு கரைகளில் நின்று இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள். அந்நிய ஆட்சியின் நிழலில், பல மொழிகள் நெருக்கிய வேளையில்தான் தூய மொழி வேண்டுமென்ற வேட்கை பிறந்தது. பன்மொழிச் சூழலே நியம மொழியைப் பெற்ற தாய். பிள்ளை வளர்ந்தபின் தாயை வீட்டைவிட்டு விலக்குகிறது, அவ்வளவே.

விலக்கினாலும் தாயின் சாயல் போகுமா? நீங்கள் தோட்டத்தில் நடும் போஞ்சி ஒல்லாந்தச் சொல். கோவா போர்த்துக்கேயச் சொல். கதிரையும் மேசையும் அலுமாரியும் பாணும் போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. இவற்றுட் பல சிங்களத்திலும் வழங்குகின்றன. சம்பலையும் தொதலையும் மலாயரிடமிருந்து இரு சாராரும் பெற்றுக்கொண்டோம். சிங்களவர் பணத்தை முதல என்பர். கடையைக் கடே என்பர். காணியை இடம என்பர். பங்கைப் பங்குவ என்பர். கூலியைக் கூலிய என்பர். காணி உறுதி வழங்குவதற்கென்று 2024இல் அரசாங்கம் தொடக்கிய திட்டத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ‘உறுமய’ என்று வைத்தார்கள். நமது உரிமை என்ற சொல்லே அது. சொல்லை நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டார்கள். பொருளைத்தான் இன்னும் தரவில்லை என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைதானா என்பதை உங்கள் தீர்ப்புக்கு விடுகிறோம்.

காலிக் கல்வெட்டும் இன்றைய சட்டமும்

கொழும்பு நூதனசாலைக்குப் போனால் ஒரு கல்லைப் பாருங்கள். சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்த கல் அது. அதில் பொறித்த திகதி 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலியிலே கண்டெடுத்தார்கள். அதில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், பாரசீகம், தமிழ். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தைச் சார்ந்து நிற்கிறது. கொடுத்த காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே வகையின. கும்பிட்ட தெய்வங்கள் வேறு. தெற்குக் கரையில் நிறுத்திய அக்கல்லில் தமிழ் இடம்பெற்றது யாருடைய கருணையாலும் அன்று. அந்நாளில் இக்கடலில் வணிகம் செய்தவர் தமிழ் அறிந்திருந்தனர். ஆதலால் தமிழில் எழுதினார்கள்.

அக்கல்லில் எது மூலம், எது பெயர்ப்பு? அக்கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒவ்வொரு பகுதியும் தன் மக்களிடம் தானே பேசிற்று. பழைய உலகத்தின் பன்மொழி வழக்கு இத்தகையது. இன்றைய அரசு அப்படி நடக்க முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். வரியும் காணியும் தண்டனையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆகவே ஒரே பொருளை இரு மொழியிலும் சொல்லியாகவேண்டும். இங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. இரண்டு வாசகமும் ஒத்திராவிட்டால் எது செல்லும்?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்; நீங்கள் அறியாததன்று. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசாங்க சபையில் வாதத்துக்கு எடுத்தபோது, தமிழையும் சேர்க்கவேண்டுமென்று வீ. நல்லையா திருத்தம் கொணர்ந்தார். சபை அதனை ஏற்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஏற்றிற்று. கொல்வின் ஆர். டி சில்வா அன்று விடுத்த எச்சரிக்கையை இங்குள்ள சிறுவனும் ஒப்புவிப்பான். ஆகவே அதனை நாம் மீட்டும் சொல்லப் போவதில்லை. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒழுங்குவிதிகள் 1966 வரை வரவில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இலக்கணம் படித்தவர்கள் கவனியுங்கள்: ‘தமிழும்’ என்று உம்மையிட்டிருக்கிறார்கள். இறந்தது தழீஇய எச்சவும்மை. முன்னே ஒன்று நிற்கிறது. இது பின்னே ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது அதன் பொருள்.

உம்மையின் விளைவைக் காண விரும்பினால், பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற கருத்துடைய ஒரு வாசகத்தை அங்கே காண்பீர்கள். சட்டத்துக்குச் சட்டம் இந்த வாசகம் வழக்கமாக வருகிறது. தமிழ் அரசகரும மொழிதான்; ஆயினும் தவறிழைத்தால் தமிழே தவறியதாகும். இதுவா சமத்துவம்?

இதனால் விளையும் கேட்டை மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தவர்கள் அறிவார்கள். நிழல் என்று முடிவான மொழியில் எழுதுபவன், படிக்கப்போகிறவன் முகத்தைப் பார்த்து எழுதமாட்டான்; பக்கத்தில் விரித்துவைத்த மூலத்தைப் பார்த்தே எழுதுவான். சிங்கள வாக்கியத்தின் எலும்பில் தமிழ்ச் சொற்களைத் தொங்கவிடுவான். அது இலக்கண வழு இல்லாததாகவும் இருக்கலாம். ஆனால் யாருக்கும் விளங்காது. பூச்சிகொல்லிப் போத்தலில் ஒட்டிய தாளைத் தமிழில் வாசித்துவிட்டு, பொருள் விளங்காமல், சிங்களம் தெரிந்த கடைக்காரரிடம் ‘எத்தனை மூடி ஊற்றவேண்டும்?’ என்று கேட்டவர்கள் இந்தப் பின்வரிசையிலேயே இருக்கிறார்கள். தலையசைக்கிறீர்கள். தமிழ் அச்சிடப்பட்டிருந்தது, தமிழருக்குச் சொல்லப்படவில்லை.

ஒரு மொழி மூலமாகவும் மற்றொன்று பெயர்ப்பாகவும் நிலைத்த நாட்டில் பன்மொழி அறிவு யார் தலையில் சுமையாகிறது? கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த செ. கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்காடினார், 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது, உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று, 1969இல் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போயிற்று. அந்நாளில் இரு மொழி கற்கும் கடமை ஒரு சாராருக்கே இருந்தது. 2007 யூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேருவோர் யாவரும் ஐந்தாண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நல்ல அறிக்கை, வரவேற்கிறோம். ஆனால் 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் எவ்வேளையும் தமிழ் அறிந்த உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று விதந்துரைக்க வேண்டியிருந்ததே, அது எதனைக் காட்டுகிறது? ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் எட்டிலொரு பங்குக்கு மேற்பட்டிருந்தால் அங்கு இரு மொழியிலும் நிர்வாகம் நடத்தச் சனாதிபதி பிரகடனம் செய்யலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கொழும்பு மாநகரில் தமிழ் பேசுவோர் எட்டிலொன்றைப் பன்மடங்கு கடந்தவர்கள். எண்ணிக்கை போதாமையால் இங்கே தமிழ் மெலியவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை பிறர் செய்ததைச் சொன்னோம். கைதட்டினீர்கள். இனி நாம் செய்ததைச் சொல்லுகிறோம், கைதட்ட மாட்டீர்கள்.

சிங்கள நியமம் தமிழுக்குச் செய்ததையே, நமது தமிழ் நியமம் நம் வீட்டுத் தமிழ்களுக்குச் செய்தது. மலையகத்துப் பிள்ளை பெரட்டு என்றால் வகுப்பறையில் சிரித்தோம். மட்டக்களப்பார் ‘மறுகா’ என்றால் சிரித்தோம். கொழும்பு முஸ்லிம் பிள்ளை வீட்டை ‘ஊடு’ என்றால் அது கொச்சை என்று சிவப்பு மையால் கோடிட்டோம். யாழ்ப்பாணத்தார் ‘பேந்து’ என்பது மட்டும் கொச்சையன்றோ? அதனையும் கோடிட்டோம், உண்மைதான். ஆனால் மனத்துக்குள் மன்னித்துக்கொண்டோம். இவ்வாறு கோடிடப்பட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர் தமிழ் வகுப்பை விட்டுச் சிங்கள வகுப்புக்கோ ஆங்கில வகுப்புக்கோ போனார்கள் என்று கணக்கெடுத்தோமா? 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தமிழில் தொடக்கியவர் கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை. அவர் எழுதி 1885இல் வெளிவந்த அசன்பே சரித்திரம் தமிழின் மிக முந்திய நாவல்களுள் ஒன்று. அந்தச் சமூகத்தின் வீட்டுத் தமிழைத் தமிழன்று என்று சொல்ல எமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

மலாயரைப் பாருங்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். இலங்கை மலாயரின் பேச்சு, தமிழோடும் சிங்களத்தோடும் நூற்றாண்டுகள் கலந்து பழகியதால், வேற்றுமை உருபுகளையும் வினையை இறுதியில் வைக்கும் ஒழுங்கையும் பெற்றுவிட்டது. பாடசாலையில் அப்பேச்சுக்கு இடமில்லை, தேர்வில் இடமில்லை, படிவத்தில் இடமில்லை. இவ்வொழுங்கையிலேயே, பாட்டி பேசுவது பேரப்பிள்ளைக்கு அரைகுறையாகவே விளங்குகிறது. நியமம் என்ற கூரை இல்லாத மொழி மழையில் நனைந்து கரைவதை வேறெங்கும் போய்ப் பார்க்கவேண்டியதில்லை.

நியமத்தை உயிரோடு ஆக்கவும் நமக்குத் தெரியும். ‘கமநல சேவை’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். கமம் உங்கள் வாய்ச்சொல். அதனை எடுத்து அரசாங்கப் பெயர்ப்பலகையில் ஏற்றினார்கள்; எந்தக் கமக்காரருக்காவது அது விளங்காமற் போனதுண்டா? தமிழகத்தார் துறை என்பதை நாம் திணைக்களம் என்கிறோம். அவர்கள் மருத்துவமனை என்பதை நாம் வைத்தியசாலை என்கிறோம். அவர்கள் நாடாளுமன்றம் என்பதை நாம் பாராளுமன்றம் என்கிறோம். இதனால் தமிழ் இரண்டாகப் பிளந்துவிடவில்லை. ஒரு மொழிக்கு இரண்டு நியமம் இருக்கலாம் என்று நாம் வழக்கிலே ஒப்புக்கொண்டிருக்கிறோம். நம்மவர் பலர் குடியேறியிருக்கும் நோர்வேயில், 1885 முதல் இரண்டு எழுத்து நியமங்கள் சம உரிமையோடு நிலவுகின்றன. ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பேச்சையே பாராளுமன்றத்திலும் பேசுகிறார்கள், எவரும் நாணுவதில்லை. நமது பிள்ளைகள் அங்கே இதனைக் கண்டுவிட்டு ஊருக்கு வருகையில், ‘ஏன் அப்பா, நீங்கள் மேடையில் வேறு தமிழ் பேசுகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். எமக்கும் ஒரு பேரப்பிள்ளை அப்படிக் கேட்டான். இன்றுவரை விடை சொல்லவில்லை.

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது. சட்ட வரைவைத் தமிழில் தமிழர் முதலிலேயே எழுதட்டும். சிங்கள வரைஞரோடு ஒரே மேசையில் அமர்ந்து எழுதட்டும். ஒவ்வாமை வந்தால் எந்த உரை மேலோங்கும் என்று அச்சிட்டு வைப்பதற்குப் பதிலாக, இரண்டையும் வைத்து நீதிமன்றம் பொருள் காணட்டும். மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கும்போது புத்தகத் தேர்ச்சியோடு, அவர் கடமையாற்றப்போகும் ஊரின் பேச்சையும் சோதிக்கட்டும். நம்மவரிடம் கேட்பதும் உண்டு. சிங்களம் கற்பதை அடிமைத்தனம் என்று எண்ணவேண்டா. திணிக்கப்பட்டதால் அன்று கசந்தது, அயலவர் மொழி என்பதால் இன்று கசக்கவேண்டியதில்லை. ஆசிரியப் பெருமக்களே, பிள்ளையின் கொப்பியில் ‘ஊடு’ என்று கண்டால் கோடிடுமுன், பக்கத்தில் ‘வீடு’ என்று எழுதி இரண்டையும் நிற்க விடுங்கள்.

அந்தத் தாயின் வழக்கு என்னவாயிற்று என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். சேவகர் சொன்னதைக் கேட்டு நீதவான் சாட்சியத்தை மீண்டும் பதியச் செய்தார். அக்கா மறுதவணைக்கு வந்து சாட்சி சொன்னார். இளைஞர் விடுதலையானார். நாம் அன்று மாலை ஒரு கொப்பி வாங்கினோம். முதற் பக்கத்தில் தாத்தா என்று எழுதி, எதிரே மூன்று பொருளையும் குறித்தோம். அடுத்த சொல் வளவு. நமக்கு அது வீடு நிற்கும் காணி. சிங்களவர் ‘வளவ்வ’ என்பது பெருங்குடி மாந்தரின் மாளிகை. ஓர் ஏழையின் நான்கு பரப்பு வளவை மாளிகையாக்கி நீதிமன்றப் பதிவில் ஏற்றாதபடி அக்குறிப்பு எம்மைப் பலமுறை காத்தது. ஓய்வுபெறும் வரை சொல் சேர்த்தோம்.

அக்கொப்பியை இன்று கொண்டுவந்திருக்கிறோம். வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறோம். லொறி புறப்பட இன்னும் நேரமிருக்கிறதென்று பின்வரிசையில் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் வழங்கி, எந்தப் படிவத்திலும் இடம்பெறாத சொல் ஒன்றையாவது எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர் சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம்.